பப்பாளி நிறம்

"என் வீட்டுக்காரர் பொய்யே பேசமாட்டார்" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிட்டத்தட்ட உண்மைதான். நான் சொன்ன பொய்களை எண்ணுவதற்கு ஒரு கை போதும். ஆனால் அதில் ஒன்று, ஒரே ஒரு சொல். "கவனிக்கலைங்க." அந்தச் சொல்லால் ஒரு மனிதரை அவருடைய வேலையிலிருந்து கிளப்பினேன். வேலையைவிடப் பெரிய ஒன்றையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அது என்ன என்பது எனக்கே மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்த ஓர் எஃகு பவுண்டரியில் எனக்கு கெமிஸ்ட் வேலை. கெமிஸ்ட் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தராசு, நாலு புட்டி அமிலம், கால் ஆடும் ஒரு மேசை, ஓடு போட்ட ஓர் அறை. ராயபுரத்திலிருந்து தினமும் சைக்கிளில் போவேன். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அலுப்பு. சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியும் வேலையை நிரந்தரமாக்கவில்லை. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வியே "பர்மனென்டா?" என்பதுதான்.

எஃகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோலி சோடாவைப் பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கோலியை அழுத்தினால்தான் உள்ளே அடைந்துகிடந்த காற்று பொங்கி வரும். உருகிய எஃகும் அப்படித்தான். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது ஆக்சிஜன், ஹைட்ரஜன் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துக்கொண்டு சாதுவாகத் தெரியும். அச்சில் ஊற்றி ஆறும்போதுதான் அவை வெளியே வரப் பார்க்கும். வழி கிடைக்காமல் உள்ளேயே சிக்கி, கெட்டியான எஃகுக்குள் பொத்தல் பொத்தலாக நின்றுவிடும். மேலே பார்த்தால் பளபளப்பு, உள்ளே பார்த்தால் பன்.

அதை வெளியேற்ற எங்களிடம் இருந்த வழி ஒன்றே ஒன்று. மின்சார உலையில் பழைய இரும்பு உருகியதும் இரும்புத் தாதுவை அள்ளிப் போடுவோம். உலை தளதளவென்று கொதிக்கும். உலை மேஸ்திரி அதை "கஞ்சி கொதிக்குது" என்பார். அந்தக் கொதியோடு சேர்ந்து கரைந்திருந்த ஹைட்ரஜனும் வெளியேறிவிடும். கொதி அடங்கியதும் மேலே மிதக்கும் கசடை வழித்துவிட்டு, புதிதாகச் சுட்ட சுண்ணாம்பைப் போட்டு மூடுவோம். அதற்குப் பிறகு கொதி கிடையாது. அதற்குப் பிறகு உள்ளே நுழைவது உள்ளேயேதான் தங்கும். ஆக்சிஜன் என்றால் அலுமினியத்தைப் போட்டுப் பிடித்துவிடலாம். ஹைட்ரஜனைப் பிடிக்க எங்களிடம் எதுவும் இல்லை. அது தண்ணீரிலிருந்து வருவது. ஆகவே கடைசிக் கட்டத்தில் எஃகைத் தொடும் எதிலும் ஈரம் இருக்கக்கூடாது. அவ்வளவுதான் சாஸ்திரம்.

எஃகைத் தொடுவது இரண்டு. ஒன்று சுண்ணாம்பு, அது என் பொறுப்பு. இன்னொன்று லேடில். உலையிலிருந்து எஃகை வாங்கி அச்சுகளுக்குக் கொண்டுபோகும் பெரிய தொட்டி அது. உள்ளே களிமண் பூசியிருக்கும். அதைக் காய வைப்பது பாய் என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு தொழிலாளியின் பொறுப்பு.

பாய்க்கு அப்போது நாற்பது வயதிருக்கும். வண்ணாரப்பேட்டையில் வீடு. பவுண்டரியில் எல்லோரும் லேடில் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். புருவம் கிடையாது. அனலில் பொசுங்கிப் பொசுங்கி, அந்த இடம் வழவழவென்று இருக்கும். விடிகாலையில் வந்து லேடிலுக்குள் விறகை அடுக்கி நெருப்பு மூட்டிவிடுவார். பிறகு எண்ணெய் பர்னரை வைப்பார். அவ்வப்போது விளிம்பருகே போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் உள்ளே பார்ப்பார். அந்தக் கண்தான் அவருடைய கருவி. எங்கள் பவுண்டரியில் வெப்பத்தை அளக்க வேறு எதுவும் இல்லை.

ஒருநாள் நான் கேட்டபோது அவரே சொன்னார். "மொதல்ல வெத்தல எச்சி கலரு வரும் சார். அத்தப் பாத்து ஏமாந்துடக்கூடாது. அப்பால செம்பருத்தி. அதுவும் பத்தாது. பப்பாளிப் பழத்த ரெண்டா வகுந்தா உள்ள ஒரு கலரு கீது பாரு, அது வரணும். அடிவரைக்கும் வரணும். அடியிலதான் ஈரம் ஒளிஞ்சிகினு இருக்கும்."

"எப்படி பாய் அவ்வளவு துல்லியமாகத் தெரியும்?" என்றேன்.

"ஒங்களுக்கு புஸ்தகம், எனக்கு இது" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினார். அதில் கர்வம் இருந்தது. இருக்க வேண்டிய கர்வம்தான்.

சுண்ணாம்புக்கு வருகிறேன். எங்களுக்குச் சுண்ணாம்பு எண்ணூர் பக்கத்துக் காளவாய்களிலிருந்து வரும். உப்பங்கழியிலிருந்து வாரிய கிளிஞ்சலைச் சுட்டது. நன்றாகச் சுட்ட கிளிஞ்சல், வரி கூடக் கலையாமல் கிளிஞ்சலாகவே இருக்கும். கையில் எடுத்தால் கனமே இருக்காது. ஆனால் காற்றுப் பட்டால் போதும், அதிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிப் பொடிந்துவிடும். எங்களுடையது கடல் காற்று, கேட்கவே வேண்டாம். அதனால் மண்ணெண்ணெய் டின்களில் அடைத்து, மூடியைச் சுற்றித் தார் பூசி வைத்திருப்போம். உலைக்கு அனுப்புவதற்கு முன்னால் டின்னிலிருந்து ஒரு கிளிஞ்சலை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட வேண்டும். உஸ்ஸென்று சீறிப் பொங்கினால் நல்ல சுண்ணாம்பு. சும்மா கிடந்தால் அது ஏற்கெனவே தண்ணீர் குடித்தாயிற்று. தினமும் நான் செய்த வேலைகளிலேயே சுலபமானது அதுதான். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்பே மழை தொடங்கிவிட்டது. பூஜையன்று முதலாளி குடும்பத்தோடு வந்து ஒவ்வொரு பகுதியாகப் பார்ப்பார். அதற்காக ஒரு வாரம் பவுண்டரியே அமர்க்களப்படும். இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போடுவார்கள், தரையைப் பெருக்கிக் கழுவுவார்கள், சுவருக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். எந்தப் பகுதி பளிச்சென்று இருக்கிறதோ அங்கே முதலாளி நின்று இரண்டு வார்த்தை பேசுவார் என்று பேச்சு. என்னுடைய அறையின் சுவர் அமிலப் புகை பட்டு மஞ்சள் பூத்திருந்தது. முதலாளி என் அறையில் நிற்க வேண்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டும், யார் இந்தப் பையன் என்று மானேஜரிடம் கேட்க வேண்டும். ராத்திரி பகலாக எனக்கு இதே நினைப்பு.

பூஜைக்கு முதல் நாள் காலை ஸ்டோரில் மூன்று டின் சுண்ணாம்பு இருந்தது. இரண்டு புதுசு, முந்தின நாள்தான் வந்தவை. மூன்றாவது பழசு. உப்புக் காற்றில் அதன் மூடி துருப்பிடித்து ஓரத்தில் இற்றுப்போயிருந்தது. வெள்ளையடிக்கப் பழசைக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பொடிந்த சுண்ணாம்பு சுவரில் சோகையாக இருக்கும், கை பட்டால் உதிரும். புதுக் கிளிஞ்சலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து அடித்தால் வரும் வெள்ளையே வேறு. அது கண்ணைப் பறிக்கும்.

இரண்டு புது டின்களையும் வெள்ளையடிக்கக் கொடுத்தேன். துருப்பிடித்ததை உலைக்கு அனுப்பினேன். அனுப்பும்போது மூடியைத் திறந்து பார்த்தேன். மேலே பாதிக்கு மேல் பொடி. டம்ளரும் தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தன. நான் கிளிஞ்சலை எடுத்துப் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. அந்த டம்ளர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

அன்று துறைமுகத்துக் கிரேன்களுக்கான கப்பிச் சக்கரங்களை வார்க்க வேண்டும். லீவுக்கு முன்னால் ஊற்றியே ஆக வேண்டும் என்று மானேஜர் காலையிலிருந்தே விரட்டிக்கொண்டிருந்தார். கொதியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கசடை வழித்தார்கள். என் சுண்ணாம்பைப் போட்டார்கள். மேஸ்திரி ஒரு கரண்டி எஃகை அள்ளிச் சிறிய இரும்புக் குப்பியில் ஊற்றி என்னிடம் காட்டினார். அது உறையும்போது நடுவில் குழிந்தால் எஃகு சுத்தம் என்று அர்த்தம். அன்று குழியவில்லை. லேசாக உப்பியது.

"இன்னா சார், பூரி மாரி கீது?" என்றார் மேஸ்திரி.

"ஆக்சிஜனாத்தான் இருக்கும். அலுமினியத்தைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கலாம்" என்றேன்.

உலையைக் கவிழ்ப்பதற்கு முன்னால் லேடிலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெளியே மழை தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. அலுமினியத் துண்டுகளைக் கோர்த்த கம்பியோடு நான் மேடை மேல் நின்றேன். கீழே லேடில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். சுற்றிலும், அடி வரைக்கும், பழுத்த பப்பாளியை வகுந்து வைத்த மாதிரி இருந்தது. பாய் கீழே நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

இதை நான் இவ்வளவு விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் பார்த்தேன்.

மறுநாள் பூஜை. முதலாளி வந்தார். என் அறை வாசலில் நின்று, "அட, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே" என்று சிரித்தார். மானேஜர் என் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தினார். பொரி கடலை கொடுத்தார்கள். பாய் தன் மகனுக்கென்று இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டு, "ஒங்க ரூம்தான் சார் டாப்பு" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

லீவு முடிந்து அச்சுகளை உடைத்தார்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே தலை என்று ஒரு குமிழ் இருக்கும். நல்ல எஃகென்றால் அது உள்வாங்கியிருக்கும். இவை எல்லாம் காளான் மாதிரிப் பொங்கி நின்றன. ஒரு சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி மேல்தோலைச் சீவியதும் உள்ளே பொத்தல் தெரிந்தது. அடுத்ததும் அப்படியே. அத்தனையும் மறுபடி உலைக்குத்தான்.

ஈரமான லேடிலும் ஈரமான சுண்ணாம்பும் ஒரே குற்றத்தைத்தான் செய்யும். பொத்தலைப் பார்த்து எது செய்தது என்று எந்த கெமிஸ்டாலும் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். அந்த அறிவைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

மானேஜர் எல்லோரையும் லேடில் வைத்திருக்கும் இடத்துக்கே வரச் சொன்னார். அங்கே கூரையில் ஓர் ஒழுகல் இருந்தது. அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். அவருக்குத் தீர்ப்பு அப்போதே கிடைத்துவிட்டது.

"மழைத்தண்ணி இறங்கியிருக்கு. நீ சரியா காய வைக்கல."

"இல்ல சார். அஞ்சு மணிக்கே நெருப்பு போட்டுட்டேன். அந்த எடத்துல தகரத்த வெச்சி மறைச்சிருந்தேன். அடிவரைக்கும் பப்பாளி. எங்கண்ணால பாத்தேன்."

"உன் கண்ணு போச்சு பாய். வயசாச்சு. அனல்லயே நின்னு நின்னு கண்ணு போச்சு. நீ செம்பருத்தியைப் பப்பாளின்னு பாத்திருக்கே."

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். கெஞ்சும் பார்வை எதுவும் அதில் இல்லை. சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது, கேட்டால் தெரிந்துவிடப் போகிறது என்கிற நிம்மதிதான் இருந்தது. "கெமிஸ்ட் சார் மேல நின்னாரு. அவரு பாத்தாரு" என்றார்.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொன்னால் லேடில் சுத்தம். லேடில் சுத்தமென்றால் அடுத்த கேள்வி சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் ஸ்டோர், ஸ்டோர் என்றால் காலியான இரண்டு புது டின்கள், அந்த டின்கள் என்றால் முதலாளி சிரித்துப் பாராட்டிய என் சுவர். இதெல்லாம் ஒரே மூச்சில் என் மண்டைக்குள் ஓடியது. எனக்கு எப்போதும் மூளை வேகம்தான்.

"கவனிக்கலைங்க" என்றேன்.

பாயின் முகம் மாறியது. அவருக்கு என் மேல் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த முகத்தை அப்படித்தான் மூன்று வருடம் ஞாபகம் வைத்திருந்தேன். நான் நினைத்தது தப்பு.

அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. பழைய இரும்பு பொறுக்கும் யார்டுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு மாதம்கூட இருக்கவில்லை, தானாகவே நின்றுவிட்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டார் என்று மேஸ்திரி சொன்னார். லேடிலுக்கு வேறொரு ஆள் வந்தார். எனக்கு வேலை நிரந்தரமானது. தை மாதம் கல்யாணம் நடந்தது. டம்ளர் சோதனையை அதற்குப் பிறகு ஒருநாளும் விடவில்லை. உலைக்காரர்கள் என்னை "தண்ணி டம்ளர் சார்" என்று கேலி செய்யும் அளவுக்குச் செய்தேன். அவ்வளவு ஒழுங்கு ஒரு மனிதனுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒருமுறை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் என்று நினைக்கிறேன், பாயைத் தெருவில் பார்த்தேன். தோளில் துண்டோடு எதிரே வந்துகொண்டிருந்தார். நான் சைக்கிளைச் சட்டென்று ஒரு சந்துக்குள் திருப்பினேன். அது முட்டுச்சந்து. கடைசிச் சுவர் வரைக்கும் போய், சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்ட மாதிரிக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். என்னுடைய கேவலத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது வருடம் எங்களுக்கு ஒரு புது இஞ்சினியர் வந்தார். வெளிநாட்டில் படித்தவர், நல்ல மனிதர். ஒருநாள் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "இதை நம்ம ஆட்களுக்குத் தமிழ்ல எடுத்துச் சொல்லுங்க" என்றார். ஜெர்மனியில் புதிதாக ஒன்று செய்கிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. உருகிய எஃகை ஒரு மூடிய அறைக்குள் வைத்து, அந்த அறையிலிருந்து காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சிவிடுகிறார்கள். மேலே அழுத்த ஒன்றுமில்லாததால் எஃகு தானாகவே பொங்கிக் கொதிக்கிறது. கரைந்திருக்கும் ஹைட்ரஜன் வெளியே வந்துவிடுகிறது. சோடா புட்டியின் கோலியை அழுத்துகிற அதே கதைதான். கடைசிக் கட்டத்தில் புகுந்த ஈரத்தைக்கூட வெளியேற்றிவிடலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்களை உட்கார வைத்து, கரிக்கட்டியால் தரையில் படம் போட்டுச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். முடித்ததும் உலை மேஸ்திரி பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இந்த மிசினு அன்னிக்கே நம்மகிட்ட இருந்திருந்தா பாய் போயிருக்க மாட்டாரு, இல்ல சார்?"

அவர் குத்திக்காட்டிப் பேசவில்லை. சும்மா சொன்னார்.  பாய் போகாமலிருக்க ஜெர்மனி மிஷின் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். துணிக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். ஒரே அறை, நடுவில் ஜமுக்காளத்தைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பாய் ஒரு கோரை விரிப்பில் உட்கார்ந்து முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடினார். முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய புருவம். முளைத்து, அடர்த்தியாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"வாங்க சார், வாங்க. இன்னா சார் இம்மா தூரம்? கல்யாணம் ஆயிடுச்சின்னு மேஸ்திரி சொன்னாரு. நல்லா கீறீங்களா?"

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பவுண்டரிலேர்ந்தா? வேலைக்குத் திரும்பக் கூப்ட வந்தாரா? கேளுங்க."

"நீ டீயப் போடு" என்றார் பாய்.

"நான் கேக்குறேன் சார்" என்றாள் அவள், திரைக்குப் பின்னாலிருந்தே. "நீங்களாச்சும் சொல்லுங்க. மூட்ட தூக்கித் தூக்கி முதுகு போச்சு. வேற பவுண்டரிக்காரங்க ரெண்டு தபா வூட்டாண்டயே வந்து கூப்டாங்க, லேடிலுக்கு ஆள் வேணும்னு. போ மாட்டேன்னுட்டாரு."

நான் பாயைப் பார்த்தேன். "ஏன் பாய் போகலை?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தார். "கண்ணு போச்சு சார். மானேஜர் சொன்னது சரிதான். அன்னிக்கு நா பப்பாளின்னுதான் பாத்தேன். சத்தியமா அப்டித்தான் தெரிஞ்சிது. ஆனா பொத்தல் வந்துச்சே, அத்த இல்லன்னு சொல்ல முடியுமா? ஒங்களக் கேட்டாங்க. நீங்க படிச்சவரு, நேர்மையானவரு. பாத்திருந்தா சொல்லியிருப்பீங்க. நீங்களே கவனிக்கலன்னதும் எனக்குப் புரிஞ்சி போச்சி. நா பாத்தது தப்பு. இந்தக் கண்ண வெச்சிகினு இன்னொருத்தன் லேடில்ல கை வெச்சா, நாளைக்கு அந்தச் சக்கரம் எவன் தலமேலயாவது வுழுந்தா? அந்தப் பேஜாரே வேணாம்னு வுட்டுட்டேன்."

அன்று அவர் முகத்தில் மாறியது என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் மேல் கோபப்படவே இல்லை அவர். தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார். என் சொல்லை நம்பினார், அதனால் தன்னை நம்பாமல் போனார். வேலையை மட்டும் பறித்தேன் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேனே, அது எவ்வளவு சின்ன கணக்கு.

எப்படித் தொடங்குவது என்று சைக்கிளில் வரும்போது யோசித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. சுண்ணாம்பிலிருந்து தொடங்கினேன். துருப்பிடித்த டின், புது டின்கள், வெள்ளையடித்த சுவர், போடாத டம்ளர், உப்பிய குப்பி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மேடையில் குனிந்து லேடிலைப் பார்த்ததைச் சொன்னேன். பார்த்துவிட்டு இல்லையென்று சொன்னதைச் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் விரிப்பின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"நாளைக்கே மானேஜர்கிட்ட போய்ச் சொல்லிடறேன் பாய்" என்று முடித்தேன்.

மறுநாள் சொன்னேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பெருமைக்காக அல்ல. மானேஜர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பழைய கதையை எதுக்கு இப்போ கிளறிக்கிட்டு" என்றார். என் வேலைக்கு ஒன்றுமே ஆகவில்லை. மூன்று வருடம் நான் பயந்த பயம் அவ்வளவுதான்.

அன்று அந்த வீட்டில், மானேஜரிடம் சொல்கிறேன் என்றதைப் பாய் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மானேஜர், சுண்ணாம்பு எதுவும் அவருக்கு முக்கியமாகத் தெரியவில்லை. என் முழங்காலில் கையை வைத்தார்.

"அப்போ செவப்பாத்தான் இருந்துதா?"

"ஆமா பாய்."

"எந்தச் செவப்பு? செம்பருத்தியா?"

"இல்ல பாய். பப்பாளி."

"சுத்திலும்?"

"சுத்திலும்."

அவர் குரல் இறங்கியது. "அடியில?"

"அடியிலயும் பப்பாளிதான். நான் குனிஞ்சு பாத்தேன்."

கையை எடுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் கண்களின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு கையை எடுக்காமலே திரைப் பக்கம் திரும்பிக் கேட்டார். "கேட்டுகினியா?"

"கேட்டேன்" என்றது அந்தக் குரல். திரை கொஞ்சம் விலகியது. டீ டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு அவள் என்னிடம் நேராகவே கேட்டாள். "மூணு வருசமா இத்த உள்ள வெச்சிகினு எப்டி சார் சோறு துன்னீங்க?"

 நன்றாகத்தான் தின்றேன். கல்யாணச் சாப்பாடு, தலை தீபாவளிச் சாப்பாடு, எல்லாமே வயிறாரத் தின்றேன். அதை அந்த வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

"அவர வுடு" என்றார் பாய். கண்களிலிருந்து கையை எடுத்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. மன்னித்தேன் என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. மனைவியைக் கையமர்த்தித் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இன்னொரு தபா சொல்லுங்க சார். இவளும் நேரா கேக்கட்டும். அடியில இன்னா கலரு?"

"பப்பாளி" என்றேன்.